ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு தடவை பணம்!

உல்லாசக் கப்பல்களில் உள்ள ‘ஸ்பெஷல்’ ஓட்டல்கள் கொடுக்கிற காசுக்குத் தகுமா?

மாலை ஆறு மணி. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது. கரை விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன. மேல் தளத்தில் காற்று வாங்கிய கணவனும் மனைவியும் சாப்பாட்டுக் கூடத்தைத் தேடி இறங்குகிறார்கள். வழியில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே மங்கலான வெளிச்சம். வெள்ளைத் துணி விரித்த சிறு மேஜைகள். காதுக்கு இதமான பியானோ. கதவருகே நிற்கும் பெண் புன்சிரிப்போடு ஓர் அட்டையை நீட்டுகிறாள். ஆளுக்கு 50 டாலர்!

“சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தானே டிக்கெட் வாங்கினோம்?” என்று கேட்கிறாள் மனைவி.

“அது கீழே பெரிய கூடத்தில், அம்மா. இது தனி” என்கிறாள் அந்தப் பெண்.

உலகத்தின் கடல்களில் மிதக்கும் உல்லாசக் கப்பல்களில் இந்தப் பேச்சு தினமும் நடக்கிறது. டிக்கெட்டோடு சேர்ந்த சாப்பாடு ஒரு பக்கம் காத்திருக்க, தனிப் பணம் கொடுத்து வேறோர் இடத்தில் சாப்பிடுவது புத்திசாலித்தனமா, வீண் செலவா? இந்தக் கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அதன் கதையைத் தெரிந்துகொண்டால் விடை சொல்வது சுலபம்.

பாலின் செய்த புதுமை

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக் கப்பல் கம்பெனி ஒன்றை நடத்தியவர் ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்கப் பிரயாணிகள் அதிகம் வருவதில்லை. கப்பல் சும்மா நின்றால் நஷ்டம். 1891-ம் ஆண்டு ஜனவரியில் ‘அகஸ்டா விக்டோரியா’ என்ற கப்பலை மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்ட அனுப்பினார் பாலின். போய்ச் சேருவதற்காக அல்லாமல், போய் வருவதற்காகவே கப்பல் ஏறும் வழக்கம் பரவ அந்தப் பிரயாணம் பெரிய தூண்டுதலாக இருந்தது.

அதே பாலின்தான் இன்னொரு வழக்கத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டார். லண்டனில் ஓட்டல் மன்னர் சீசர் ரிட்ஸின் சாப்பாட்டுக் கூடத்தின் நேர்த்தியைக் கண்டு மயங்கிய அவர், அதைக் கப்பலுக்கே கொண்டுவந்துவிட்டார். 1905-ம் ஆண்டு கடலில் இறங்கிய ‘அமெரிக்கா’ என்ற கப்பலில் ரிட்ஸ்-கார்ல்ட்டன் உணவகம் திறக்கப்பட்டது. பிரெஞ்சு சமையல் மேதை எஸ்காஃபியேவின் கைவண்ணம் அதன் பின்னால் இருந்தது. வேண்டிய நேரத்தில் போகலாம். வேண்டியதைக் கேட்டுச் சாப்பிடலாம். சாப்பிட்டதற்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும். சீமான்களும் சீமாட்டிகளும் மொய்த்தார்கள்.

போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? இங்கிலாந்தின் ஒயிட் ஸ்டார் கம்பெனி தன் ‘ஒலிம்பிக்’, ‘டைட்டானிக்’ ஆகிய இரு கப்பல்களிலும் இதே போன்ற உணவகங்களை அமைத்தது.

டைட்டானிக்கில் இருந்த நியாயம்

டைட்டானிக்கின் அந்த உணவகம் முதல் வகுப்புப் பிரயாணிகளுக்கு மட்டும் உரியது. சுவர் முழுவதும் பிரெஞ்சு வால்நட் மரப்பலகை வேலைப்பாடு. கீழ்த் தளத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய பெரிய கூடமும் இருந்தது. அங்கே சாப்பாடு டிக்கெட்டோடு சேர்த்தி.

இந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. “நான் பெரிய கூடத்துக்கு வரப்போவதில்லை, தனி உணவகத்திலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்” என்று டிக்கெட் வாங்கும்போதே சொன்னவர்களுக்குக் கம்பெனி டிக்கெட் கட்டணத்தில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுத்தது. சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு வாங்குவது முறையல்ல என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

ஆனால், அந்த உணவகத்தின் வேறொரு கணக்கு கண்ணீரில் முடிந்தது. உணவகத்தை நடத்தியவர் லூய்ஜி கட்டி என்ற இத்தாலியர். அதைக் குத்தகை முறையில் எடுத்திருந்தார். ஏறக்குறைய எழுபது பேர் அவரிடம் வேலை செய்தார்கள். பெரும்பாலும் இத்தாலியர்கள், பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் ஒயிட் ஸ்டார் கம்பெனியின் சம்பளக்காரர்கள் அல்ல. பிரயாணிகளும் அல்ல. இரண்டுக்கும் நடுவே நின்றவர்கள்.

1912-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி. பனிப்பாறைகள் இருப்பதாகக் கம்பியில்லாத் தந்திகள் வந்தன. அவற்றில் ஒன்றை அனுப்பியது எந்தக் கப்பல் தெரியுமா? முதன்முதலில் ரிட்ஸ் உணவகம் திறந்த அதே ‘அமெரிக்கா’தான்! அன்று இரவு கட்டியின் உணவகத்தில் வைடனர் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரக் குடும்பம் விருந்து வைத்தது. கப்பல் தலைவர் ஸ்மித் அந்த விருந்தில் கலந்துகொண்டார். இரவு 11 மணி 40 நிமிஷத்துக்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது.

உணவக ஊழியர்களில் பிழைத்தவர்கள் மூன்றே பேர்! பணம் வாங்கிப் போடும் இரண்டு பெண்களும், பால் மோஜே என்ற எழுத்தரும். தம்முடைய சகாக்களை மேல் தளத்துக்குப் போகவிடாமல் கப்பல் சிப்பந்திகள் தடுத்து நிறுத்தியதாகப் பிரிட்டிஷ் விசாரணையில் மோஜே சாட்சி சொன்னார். சாதாரண உடுப்பில் இருந்ததால் தமக்கு வழி கிடைத்தது என்றார். கட்டியும் திரும்பவில்லை.

கடலில் மனித உயிரைக் காப்பதற்கான முதல் சர்வதேச ஒப்பந்தம் 1914-ம் ஆண்டு உருவாயிற்று. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும், சமைப்பவனுக்கும் சாப்பிடுபவனுக்கும், உயிர்காப்புப் படகில் இடம் வேண்டும் என்பது விதியாயிற்று.

போன பழக்கம் திரும்பி வந்தது

தனிக் கட்டண உணவகம் டைட்டானிக்கோடு மூழ்கிவிடவில்லை. 1936-ல் ஓடத் தொடங்கிய ‘குவீன் மேரி’ கப்பலின் பின்பக்கத்தில் ‘வராண்டா கிரில்’ என்ற உணவகம் இருந்தது. முதல் வகுப்பார்கூட அதற்குத் தனியே பணம் கட்டினார்கள். அந்தக் கப்பல் 1967 முதல் கலிபோர்னியாவில் லாங் பீச் துறைமுகத்தில் நிற்கிறது.

1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கின. பெரிய கப்பல்களின் காலம் மங்கிற்று. பிழைப்புக்காகக் கப்பல்கள் உல்லாசப் பிரயாணத்துக்குத் திரும்பின. “ஒரே டிக்கெட், அறை, சாப்பாடு, பாட்டு, கூத்து எல்லாம் அதற்குள்” என்பதே அவற்றின் கவர்ச்சி. வகுப்புப் பிரிவினையும் பெரும்பாலும் ஒழிந்தது. எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

1990-களில் காற்று திசை மாறியது. 1990-ல் வந்த ‘கிரிஸ்டல் ஹார்மனி’ கப்பலில் தனி உணவகங்கள் இருந்தன. தனிக் கட்டணம் இல்லை. 1998-ல் வந்த ‘டிஸ்னி மேஜிக்’ கப்பலில் பெரியவர்களுக்கு மட்டும் என்று ‘பாலோ’ உணவகம் திறந்தது. அதற்குக் கட்டணம் உண்டு. 2000-ம் ஆண்டு ‘மில்லெனியம்’ என்ற கப்பல் வந்தது. டைட்டானிக்கின் சகோதரக் கப்பலான ஒலிம்பிக்கை உடைத்தபோது கழற்றி விற்ற உணவக மரப்பலகைகளை அந்தக் கப்பலில் கொண்டுவந்து பதித்து, தனிக் கட்டணம் வைத்து விருந்து படைத்தார்கள். பழைய பலகை வந்தது. பழைய கழிவு மட்டும் வரவில்லை!

இன்று பெரிய கூடத்துக்கு வராதவருக்கு டிக்கெட்டில் கழித்துக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஆகவே தனி உணவகத்துக்குள் நுழைகிறவர் ஒரே இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை பணம் கட்டுகிறார்.

கம்பெனியின் கணக்கு

கப்பல் கம்பெனிகள் போட்டிக்காக டிக்கெட் விலையைக் குறைத்து வைக்கின்றன. ஏறிய பிறகு விட்டதைப் பிடிக்கின்றன. மது, சூதாட்டம், கரையில் ஊர் சுற்றிக் காட்டுதல், தனி உணவகம் முதலிய கப்பல் செலவுகளிலிருந்து உலகின் மிகப் பெரிய கம்பெனிகளுக்கு வரும் பணம், அவற்றின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

பெரும்பாலான கப்பல்களில் தனி உணவகக் கட்டணம் ஆளுக்குச் சுமார் 40 டாலரிலிருந்து 70 டாலர் வரை இருக்கிறது. தலைமைச் சமையற்காரரே பக்கத்தில் நின்று கவனிக்கும் விருந்து என்றால் நூறு டாலரைத் தாண்டும். இதன் மேல் 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் வேறு. 50 டாலர் உணவகத்தில் கணவனும் மனைவியும் ஓர் இரவு சாப்பிட்டால், 18 சதவீதம் சேர்த்து 118 டாலர். நம் பணத்தில் சுமார் பத்தாயிரம் ரூபாய்! குடிக்கும் மதுவுக்குத் தனிக் கணக்கு.

கல்யாணச் சமையலும் வீட்டுச் சமையலும்

அப்படியானால் இது பகல் கொள்ளையா? அப்படியும் சொல்லிவிட முடியாது.

2009-ல் வந்த ‘ஓயாசிஸ் ஆப் தி சீஸ்’ போன்ற கப்பலில் ஐயாயிரம் பிரயாணிகளுக்கு மேல் போகிறார்கள். பெரிய கூடத்தில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று ஆயிரக்கணக்கானவர்களுக்குப் படைக்க வேண்டும். அது கல்யாணச் சமையல். எவ்வளவு கைதேர்ந்த சமையற்காரராக இருந்தாலும் ஆயிரம் தட்டை ஒரே நேரத்தில் அடுப்பிலிருந்து நேராக எடுத்து வைக்க முடியாது. முன்னாலேயே செய்து சூடு ஆறாமல் வைத்திருப்பார்கள். சாம்பாருக்கு அது பாதகமில்லை. முறுகல் தோசைக்கு ஆகுமா? மீனும், ‘ஸ்டேக்’ எனப்படும் சுட்ட மாட்டிறைச்சித் துண்டும் தோசை மாதிரிதான். ஒரு நிமிஷம் கூடினாலும் குறைந்தாலும் பதம் கெட்டுவிடும்.

தனி உணவகத்தில் நூறு பேர் அளவுக்குத்தான் இடம். நீங்கள் சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏறும். இறைச்சியும் உயர்ந்த ரகமாக இருக்கும். பரிமாறுகிறவர் குறைந்த மேஜைகளைக் கவனிக்கிறார்; நின்று பேச நேரம் இருக்கிறது. ஆகவே இரண்டாவது தடவை கொடுக்கும் பணம் முக்கியமாக மூன்று பொருள்களை வாங்குகிறது: அடுப்புச் சூடு, அமைதி, அவகாசம். இவை வேண்டுபவருக்கு அந்தப் பணம் வீண் அல்ல.

எப்போது தகும்? எப்போது தகாது?

மூன்று, நான்கு நாள் பிரயாணத்தில் தனி உணவகம் அவசியமே இல்லை. பெரிய கூடத்தின் பட்டியல் அலுப்பதற்குள் பிரயாணம் முடிந்துவிடும். ஏழு நாளும் அதற்கு மேலும் போகிறவர்களுக்கு ஒரு மாறுதல் வேண்டியிருக்கும். கல்யாண நாள், பிறந்த நாள் போன்ற ஒரு நாளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

பல கப்பல்களில் எல்லாரும் நல்ல உடை உடுத்தி வரும் விசேஷ இரவு ஒன்று உண்டு. அன்று பெரிய கூடத்திலேயே சிங்கி இறால் போன்ற உயர்ந்த பண்டங்கள் வரும். அந்த இரவு பார்த்துத் தனி உணவகத்தில் பணம் கட்டுவது, வீட்டில் விருந்து நடக்கையில் ஓட்டலுக்குப் போவது போல!

சைவ உணவுக்காரர்கள் மிகவும் யோசிக்கவேண்டும். ஸ்டேக் உணவகத்தின் விலை இறைச்சிக்கான விலை. அங்கே போய் உருளைக்கிழங்கும் கீரையும் சாப்பிட்டு வருவதில் லாபமில்லை. முன்கூட்டியே தெரிவித்தால் பல கப்பல்களின் பெரிய கூடத்தில் இந்தியச் சைவ உணவு தருகிறார்கள், கூடுதல் காசில்லாமல். அதற்கு மேலும் ஆசைப்பட்டால் இத்தாலிய உணவகம் தேவலை.

ஜப்பானிய ‘டெப்பன்யாக்கி’ கூடத்தில் தோசைக்கல்லைப் போன்ற பெரிய இரும்புத் தட்டைச் சுற்றி உட்கார வைத்து, கண்ணெதிரே முட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடித்துச் சமைத்துக் காட்டுவார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அதைச் சாப்பாட்டுச் செலவில் பாதி, வேடிக்கைச் செலவில் பாதி என்று எழுதிக்கொள்ளலாம்.

போவது என்று தீர்மானித்தால் சிக்கனமாகப் போக வழிகள் உண்டு. கப்பல் ஏறுவதற்கு முன்பே பதிவு செய்தால் பல சமயம் விலை குறைவு. முதல் நாள் இரவு கூட்டம் இராது. அன்று சலுகை தருவதும் உண்டு. கரை தொடாத நாட்களில் சில உணவகங்கள் பகலிலும் திறக்கின்றன. அதே சமையல், குறைந்த கட்டணம். ‘ஓஷியானியா’, ‘வைக்கிங்’ போன்ற கம்பெனிகளின் கப்பல்களில் தனி உணவகங்களுக்குப் பொதுவாகக் கட்டணமே இல்லை. ஆனால் டிக்கெட் விலை அதிகம். இரண்டையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

கவனிக்கவேண்டிய எல்லை

இத்தனையும் பிரயாணியின் விருப்பம். கவலைப்படவேண்டியது வேறொன்று. முன்பு இலவசமாக இருந்தவை ஒவ்வொன்றாகக் கட்டணப் பட்டியலுக்கு நகர்கின்றன. 2015-லும் 2017-லும் இரண்டு பெரிய கம்பெனிகள், அறைக்குக் கொண்டுவந்து தரும் சாப்பாட்டுக்கும் பணம் வாங்கத் தொடங்கின. சில கப்பல்களில் பெரிய கூடத்துக்குள்ளேயே உயர்ந்த இறைச்சிக்குத் தனி விலை போட்டிருக்கிறார்கள். தனி உணவகம் நன்றாக இருப்பதால் அங்கே போவது ஒன்று. பெரிய கூடத்தின் சாப்பாடு மட்டமாகிவிட்டதால் அங்கே போவது வேறொன்று. முதலாவது உல்லாசம். இரண்டாவது அபராதம்.

ஆகவே, கண்ணாடிக் கதவருகே நிற்கும் அந்தத் தம்பதிக்கு ஒரு யோசனை. முதலில் கீழே பெரிய கூடத்துக்குப் போய் உட்காருங்கள். அது உங்கள் பணத்தில் ஏற்கனவே சமைத்த சாப்பாடு. இரண்டு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். நன்றாக இருந்தால், ஒரு நல்ல நாளாகப் பார்த்து மேலே போங்கள். அந்த ஓர் இரவு காலமெல்லாம் நினைவில் நிற்கும். நன்றாக இல்லாவிட்டால் மேலே போகாதீர்கள். அடுத்த தடவை வேறு கப்பலுக்கு டிக்கெட் வாங்குங்கள்!