முதல் மகிழ்ச்சி எந்த மொழியில் வரும்?

ஒரு நாள் மாலை ஆட்களை எண்ணிப் பார்த்தபோது ஒரு தலை குறைந்தது. காணாமல் போனவர் டிர்கிர். தெற்கே ஜெர்மன் பேசும் நாட்டில் பிறந்தவர். ஸ்காண்டிநேவிய நார்ஸ் இனக் கடலோடியான லெய்ஃப் எரிக்சனின் வீட்டோடு நெடுங்காலம் இருந்து, அவர்மீது சிறுவயது முதலே உயிரை வைத்திருந்தவர். பதறிப்போன லெய்ஃப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தேடக் கிளம்பினார். கொஞ்ச தூரம் போவதற்குள் டிர்கிரே எதிரே வந்துவிட்டார். முகமெல்லாம் பூரிப்பு. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், கண்களை உருட்டி, முகத்தைக் கோணி, ஜெர்மன் மொழியில் பொரிந்து தள்ளினார். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அவர்களுடைய நார்ஸ் மொழிக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னார்: காட்டுக்குள் திராட்சைக் கொடியையும் பழத்தையும் கண்டுவிட்டு வருகிறேன்.

இது நடந்ததாகச் சொல்லப்படும் இடம் வட அமெரிக்கா. காலம், கொலம்பஸ் கப்பலேறுவதற்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் முன்பு. அந்தத் திராட்சையை வைத்துத்தான் லெய்ஃப் அந்த மண்ணுக்கு வின்லாந்து, அதாவது திராட்சை மதுவின் நாடு, என்று பெயர் வைத்தார் என்கிறது ‘கிரீன்லாந்துக்காரர்களின் சாகா’ என்னும் பழங்கதை நூல்.

லெய்ஃபைப் பற்றிப் பேச்செடுத்தாலே ‘அமெரிக்காவை முதலில் கண்டவர் யார்’ என்ற வழக்கு வந்துவிடுகிறது. எனக்கோ இந்தக் கதையில் மனம் நிற்பது டிர்கிரிடம்தான். வாழ்நாளில் பெரும்பகுதியை வேற்று மொழிக்காரர்களோடு கழித்த மனிதர், மகிழ்ச்சி பொங்கிய நொடியில் பிறந்த மொழிக்குப் போய்விட்டார்.

மண்ணுக்குள் கிடைத்த சாட்சி

இதெல்லாம் கட்டுக்கதை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1960இல் நார்வே ஆய்வுப் பயணி ஹெல்கே இங்ஸ்டாட், வின்லாந்தைத் தேடி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வடமுனையில் உள்ள லான்ஸ் ஓ மெடோஸ் என்ற மீனவக் கிராமத்துக்குப் போனார். ஊர்க்காரர்கள் காட்டிய புல் மேடுகளை, தொல்லியலாளரான அவருடைய மனைவி அன்னெ ஸ்டீனெ தலைமையில் தோண்டினார்கள். நார்ஸ்காரர்கள் புல்கட்டிகளால் எழுப்பிய எட்டுக் கட்டடங்களின் தடம் வெளிப்பட்டது. இரும்பு உருக்கிய கசடு, மேலாடையைக் குத்தி நிறுத்தும் வெண்கல ஊசி, நூல் நூற்கும் தக்கிளியின் சிறிய கல்வட்டு எல்லாம் கிடைத்தன. கைக்குள் அடங்கிவிடும் அந்தக் கல்வட்டு பெரிய சாட்சி. நூற்பது அன்று பெண்களின் வேலை; கப்பலில் பெண்களும் வந்திருக்கிறார்கள் என்று பலரும் கருதுவது அதை வைத்துத்தான்.

அங்கே கிடைத்த இன்னொரு பொருள் பட்டர்நட் என்னும் கொட்டை. அந்த மரம் நியூஃபவுண்ட்லாந்தில் வளர்வதில்லை. இன்னும் தெற்கே, காட்டுத் திராட்சையும் விளையும் பகுதியில்தான் வளரும். ஆக, இங்கே தங்கியவர்கள் தெற்கேயும் போய் வந்திருக்கிறார்கள்; டிர்கிரின் திராட்சைக் கதையை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அங்கே கிடைத்த மரத்துண்டுகள் 1021ஆம் ஆண்டு இரும்புக் கருவியால் வெட்டப்பட்டவை என்று 2021இல் அறிவியலாளர்கள் ஆண்டு துல்லியமாகச் சொல்லிவிட்டார்கள்.

‘வின்’ என்பதற்குப் புல்வெளி என்றே பொருள் என வாதிடுவோரும் உண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

தோலில் தங்கிய கதை

பாறை நிலத்துக்கு ஹெல்லுலாந்து, காட்டு நிலத்துக்கு மார்க்லாந்து, அப்புறம் வின்லாந்து. லெய்ஃப் வைத்த மூன்று பெயர்களில் ஒன்றுகூட அமெரிக்க மண்ணில் தங்கவில்லை. பின்னால் வந்தவர்களும் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளோடு மோதி, சில ஆண்டுகளில் திரும்பிவிட்டார்கள். லெய்ஃப் வாழ்ந்த கிரீன்லாந்துக் குடியிருப்பும் அழிந்தது. 1408இல் ஹ்வால்சே தேவாலயத்தில் நடந்த ஒரு திருமணம்தான் அங்கிருந்து வந்த கடைசி எழுத்துப் பதிவு. அதோடு அந்த மண்ணில் நார்ஸ் மொழியும் அடங்கிப்போயிற்று.

பிறகு இந்தக் கதை நம் கைக்கு எப்படி வந்தது? அதே நார்ஸ் மொழி பேசிய ஐஸ்லாந்துக்காரர்கள் எழுதி வைத்தார்கள். ‘சாகா’ என்ற சொல்லே அவர்கள் மொழியில் ‘சொல்’ என்னும் வினையோடு உறவுடையது. டிர்கிர் வரும் அந்த சாகா, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கன்றுத்தோலில் எழுதப்பட்ட ‘ஃப்ளாட்டேயார்போக்’ என்ற ஒரே சுவடியில்தான் பிழைத்திருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் அதற்குத் தேவைப்பட்டது. ஏழை நாடு ஒன்று தன் மாட்டுச் செல்வத்தைக் கதைக்குக் கொடுத்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில், அப்போது ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க் அரசருக்குப் போன அந்தச் சுவடி, 1971 ஏப்ரல் 21 அன்று கப்பலில் ரெய்க்யவிக் துறைமுகத்துக்குத் திரும்பியது. ஊரே துறைமுகத்தில் திரண்டு நின்றது. ஒரு புத்தகம் வீடு திரும்புவதைப் பார்க்க இப்படித் திரண்ட மக்கள் உலகில் எத்தனை பேர்?

இன்றும் ஐஸ்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள், எழுத்து முறையைச் சற்றே புதுப்பித்த பதிப்புகளில் சாகாக்களைப் படித்துப் புரிந்துகொள்கிறார்கள். லெய்ஃப் எரிக்சன் என்றால் எரிக்கின் மகன் லெய்ஃப். தகப்பன் அல்லது தாய் பெயரோடு சேர்த்துச் சொல்லும் அந்த வழக்கமும் அங்கே மாறவில்லை. புதிய பொருள் வந்தால் பழைய சொல்லைத் துடைத்து எடுப்பார்கள். நூல், கயிறு என்று பொருள்பட்ட ‘சீமி’ தொலைபேசியானது. எண்ணையும் குறிசொல்லும் பெண்ணையும் குறிக்கும் சொற்களை இணைத்து ‘தோல்வா’ என்று கணினிக்குப் பெயர் வைத்தார்கள். கண்ணாடிக்கு வழியில்லாத காலத்தில் சாளரத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வு ‘ஸ்க்யார்’. இன்று அதுவே கணினித் திரை.

திரையில் யாருடைய மொழி?

என் கவலை அந்தத் திரையைப் பற்றியதுதான். ஐஸ்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய நான்கு லட்சம்தான். புயல், பஞ்சம், எரிமலை, அயலார் ஆட்சி எல்லாவற்றையும் தாண்டி வந்த மொழி அது. ஆனால் அவையெல்லாம் வீட்டுக்கு வெளியே இருந்த ஆபத்துகள். இப்போதைய ஆபத்தான ஆங்கிலமோ குழந்தையின் உள்ளங்கையில் இருக்கிறது. விளையாட்டு, காணொளி, பேச்சுக்குப் பதில் சொல்லும் கருவி என எல்லாமே அந்த வழியில் வருகின்றன. பிள்ளைகள் தங்களுக்குள் விளையாடும்போதே ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள் என்று அங்கே ஆசிரியர்களும் பெற்றோரும் வருந்துகிறார்கள். இயந்திரங்களுக்கு ஐஸ்லாந்து மொழி கற்பிக்க அரசே 2019இல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. வேறு எந்த நாடாவது இவ்வளவு சிறிய மொழிக்காக இவ்வளவு மெனக்கெடுமா? அப்படி மெனக்கெடும் நாட்டுக்கே இந்த நிலை என்பதுதான் அச்சமூட்டுகிறது.

ஆங்கிலம் தெரிந்தால் உலகம் திறக்கும் என்பார்கள். திறக்கட்டும். ஆனால் உலகம் ஒருமுறை தவறவிட்ட ஒரு கண்டத்தின் கதையைக் காப்பாற்றிக் கொடுத்தது அந்தச் சிறிய மொழிதான். அது வெறும் ஆராய்ச்சிப் பொருளாகச் சுருங்கிவிட்டால், அந்தக் கன்றுத்தோல் சுவடியைத் தன் சொந்தச் சுவடி என்று வாசிக்க ஆளிருக்காது.

அன்று டிர்கிர் தன் மொழியில் பேசித் தீர்க்கும்வரை சுற்றியிருந்தவர்கள் பொறுத்துக் காத்திருந்தார்கள். கருவிகள் காத்திருப்பதில்லை. புரியவில்லை என்று ஒருமுறை சொன்னதுமே குழந்தை மொழியை மாற்றிக்கொள்கிறது. நாளை ரெய்க்யவிக்கில் ஒரு சிறுமி எதையோ கண்டுபிடித்து மூச்சிரைக்க ஓடி வருவாள். அப்போது அவள் வாயில் முதலில் வரும் சொல் பாட்டிக்குப் புரிய வேண்டும்.