முள்ளுக்குச் சரி, ஆணிக்கு?

வண்டியும் வழியும் – 17

பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஒரு டயர், பச்சைத் திரவம் நிரம்பிய பாட்டில்கள், ஒரு சுத்தியல், கைநிறைய ஆணி. நாம் வண்டியை நிறுத்தினால் போதும். இரண்டங்குல ஆணியை டயரில் அடித்து இறக்கி, குறடால் பிடுங்கி, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஓட்டை மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார் விற்பவர். முதலில் நாலைந்து குமிழி கிளம்பும். பச்சையாக ஒரு துளி எட்டிப் பார்க்கும். அப்புறம் ஒன்றும் வராது. "பார்த்தீங்களா சார், இனிமே பஞ்சர் கடைப் பக்கமே போக வேண்டாம்!"

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அது எந்த டயர் என்று பாருங்கள். ட்யூப்லெஸ். ஆணி இறங்குவது தரையில் படும் தடித்த பகுதியில், நேர்க்குத்தாக. மேலே ஆள் பளு கிடையாது, தார்ச்சாலைச் சூடு கிடையாது, ஆணியைக் குத்திக்கொண்டு வண்டி நாலு தெரு ஓடியதும் கிடையாது. பஞ்சர்களிலேயே பரம சாதுவான பஞ்சர் அது. ரோட்டில் நமக்கு வாய்ப்பதெல்லாம் அப்படியா இருக்கிறது?

'பஞ்சர் ஜெல் ஊற்றலாமா, வேண்டாமா?' என்று கேட்பவர்களுக்கு, எந்த டயர், எந்த ஊர், எந்த நேரத்தில் ஓட்டுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ஏன் என்று புரிய, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரும்பாலும் கிளைக்கால் என்கிற கொழகொழப்பான திரவம். அதில் மிதக்கும் நுண்ணிய நார், ரப்பர்த் தூள். ரிம் துருப்பிடிக்காமலிருக்க ஒரு மருந்து. மவுத் வழியாக ஊற்றியதும் இது டயரின் அடியில் தேங்கிக் கிடக்கும். வண்டி ஓட ஓட, சுழற்சி வேகத்தில் டயரின் உட்புறம் முழுக்க அப்பிக்கொள்ளும். ஒரு ஸ்கூட்டர் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது, அந்தத் திரவத்தை வெளிப்பக்கம் அழுத்தும் விசை புவியீர்ப்பைப் போல நூறு மடங்குக்கும் மேல். அந்த நேரத்தில் ஓர் ஓட்டை விழுந்தால், வெளியே பாயும் காற்று திரவத்தையும் நாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். குளியலறைத் தண்ணீர் போகும் துளையில் தலைமுடி சிக்கி, அதில் சோப்பு அழுக்கு சேர்ந்து அடைத்துக்கொள்ளுமே, அதேபோல நார் குறுக்கே சிக்கி, தூள் வந்து இறுகி, வழி அடைபடும்.

அடைப்பு நிற்க ஆழம் வேண்டும். ட்யூப்லெஸ் டயரில் தரை படும் பகுதியின் ரப்பர் தடிமனானது. ஆணியைப் பிடுங்கினால் அதுவே பாதி மூடிக்கொள்ளும். மீதி இடுக்கில் நார் போய் ஆப்பு மாதிரி உட்கார இடம் இருக்கிறது. ட்யூபோ மெல்லிய ஜவ்வு. காற்றழுத்தம் அதை நாலா பக்கமும் இழுத்துப் பிடித்திருப்பதால் ஓட்டை மூடப் பார்க்காது, விரியத்தான் பார்க்கும். ஆணி டயரில் குத்தி நிற்க, உள்ளே காற்றிறங்கிய ட்யூப் நகர்ந்து நகர்ந்து அதன் மேலேயே உரசும். துளையாக இருந்தது கிழிசலாகிவிடும். நீளமான ஆணி என்றால் ட்யூபின் மறுபக்கத்தையும், அதாவது ரிம் பக்கத்தையும், பதம் பார்த்துவிடும். ஜெல் அப்பியிருப்பது வெளிவட்டத்தில். அந்த மேல் ஓட்டைக்கு அது எட்டவே எட்டாது. கம்பிச் சக்கர எக்ஸ்எல்லிலும் பழைய புல்லட்டிலும் ஜெல் ஊற்றிவிட்டு, ஆணி குத்தியதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களின் கதை இதுதான். ஹோண்டா ஆக்டிவாவில் 'டஃப்-அப்' என்று ஒரு ட்யூப் வந்ததே, அது இந்தச் சிக்கலுக்கான விடை: இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் திரவத்தைத் தேக்கியிருந்தார்கள்.

ட்யூப் வண்டிக்கு ஜெல்லே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. முள் காட்டில் கதை வேறு. ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் சைக்கிளோ எக்ஸ்எல்லோ ஓட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே எதிரி ஆணியல்ல, சீமைக்கருவேல முள். ஊசித் துளை போட்டுவிட்டு டயரிலேயே ஒடிந்து நிற்கும். நாலு இடத்தில் ஒட்டுப் போட்டு வீடு வருவதற்குள் ஐந்தாவது குத்தியிருக்கும். அந்த மாதிரிச் சின்னஞ்சிறு துளைகளைத்தான் ஜெல் அற்புதமாக அடைக்கும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் இது சைக்கிள்காரர்களிடம் பிரபலமானதற்குக் காரணம் ஒரு முள். அதுவும் நம்ம ஊர் வரப்பில் கிடக்கிற அதே நெருஞ்சி முள்! கடல் கடந்து போய் அங்கே களையாய்ப் பரவிவிட்டது. ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் 2018-இல் அந்த முள்ளின் பேரிலேயே ஒரு சைக்கிள் திருவிழா தொடங்கி, ஊர் கூடிச் செடியைப் பிடுங்குகிறார்கள். டிராக்டர், ஜேசிபி வைத்திருப்பவர்களுக்கும் இந்த முள் கணக்கு பொருந்தும். வேகம் குறைவு, முள் ஏராளம், ஒரு டயரைக் கழற்றி மாட்டுவதற்குள் அரை நாள் வேலை கெடும். ஜெல் செலவை யோசிக்கவே வேண்டாம். உழவில் பிடிப்புக்காக டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தால் மட்டும் இந்த யோசனையை விட்டுவிடலாம்.

நகரத்தில் இந்த பாட்டில் விற்பதற்கு முள்ளோ ஆணியோ மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பஞ்சர் கடை மேல் உள்ள அவநம்பிக்கையும் சேர்ந்துதான் விற்கிறது. ஒரு பஞ்சர் என்று போனால் 'நாலு இருக்கு சார்' என்று வருமே, அந்தப் பயம். பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒரு பொறியாளர் காந்தக் கோலை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற வழியில் கிலோ கிலோவாக ஆணி பொறுக்கிய செய்தி நாடெங்கும் வந்தது. அத்தனையும் தானாகச் சிந்திய ஆணியாக இருக்கும் என்று யாரும் நம்பவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து தனியாக ஸ்கூட்டரில் வரும் பெண்ணுக்கு, ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில் வண்டி நிற்காமல் வீடு வந்து சேர்வது சில நூறு ரூபாயைவிடப் பெரிய விஷயம். அவருக்கு நான் யோசிக்காமல் சொல்வேன்: ட்யூப்லெஸ்தானே, ஊற்றிக்கொள்ளுங்கள். பணம் யோசனை என்றால் பின் சக்கரத்துக்கு மட்டுமாவது. படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சக்கரம் தட்டி நிமிர்த்திவிடும். குத்து வாங்குவது பெரும்பாலும் பின் சக்கரம்தான்.

ஊற்றிய பிறகு மறந்துவிடுகிறோம். அங்கேதான் ஆபத்து. ஆணி குத்தியதே தெரியாமல் ஜெல் அதைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். அடைபடுவதற்குள் கொஞ்சம் காற்று போயிருக்கும். அடைத்த பிறகும் இழை இழையாகக் கசிந்துகொண்டிருக்கலாம். 30 இருக்க வேண்டிய இடத்தில் 20 பிஎஸ்ஐயோடு நாள் கணக்கில் ஓட்டினால், டயரின் பக்கவாட்டுச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். பஞ்சரைவிட அது மோசம். பக்கவாட்டில் விழும் ஓட்டையை ஜெல் தாங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் வளைவதால் எந்த அடைப்பும் நிற்காது. தரை படும் பகுதியிலும் இந்த பாட்டில்கள் வாக்குக் கொடுப்பது 6 மி.மீ. துளை வரைதான்.

அதனால் வாரம் ஒரு முறை காற்றைப் பாருங்கள், டயரைச் சுற்றிக் கண்ணை ஓட்டுங்கள். ஆணித் தலை தெரிந்தால் நேரே பஞ்சர் கடை. போனதும் அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. "ஜெல் ஊத்தியிருந்தா முதல்லயே சொல்லிருங்கண்ணே, மவுத்தைக் கழட்டுனதும் மூஞ்சிலயே அடிக்குது" என்பது கடைக்காரர்களின் பொதுப் புலம்பல். அவர்கள் சொல்வது நியாயம். ரப்பர் திரியைச் செருகுவதற்கோ உள்ளே ஒட்டுப் போடுவதற்கோ அந்த இடம் வழுவழுவென்று இருந்தால் சொல்யூஷன் பிடிக்காது. துடைத்துக் காயவைக்க வேண்டும். நாள்பட்ட ஜெல் மவுத்துக்குள் இருக்கும் ஊசியில் காய்ந்து ஒட்டியிருந்தால் காற்றே ஏறாது, மீட்டரும் தப்பாகக் காட்டும். புது ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆகாது, அதை மாற்றச் சொல்லிவிடுங்கள்.

காருக்கு என் பதில் கொஞ்சம் கறார்: முன்கூட்டியே ஊற்றாதீர்கள். நெடுஞ்சாலை வேகத்தில் திரவம் ஒரு பக்கம் கூடிக் குறைந்தால் ஸ்டீயரிங் உதறும். காற்றழுத்தம் காட்டும் சென்சார் உள்ளே இருந்தால் அதில் அப்பிக்கொள்ளும். ட்யூப்லெஸ் கார் டயர் ஆணியோடும் மெல்லத்தான் காற்றை விடும். ஸ்டெப்னி இருக்கவே இருக்கிறது.

இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தி, ட்யூப்லெஸ் டயரும் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவியும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது. மின்சாரக் கார்கள் பலவற்றில் அந்த இடத்தில் ஒரு சின்ன கம்ப்ரசரும் ஒரு பாட்டிலும்தான் இருக்கும். இந்த பாட்டில் பெரும்பாலும் ரப்பர் பால் கலந்தது. கன்னியாகுமரி ரப்பர் தோட்டத்தில் பால் வடிப்பவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சீக்கிரம் கட்டிப்படும் என்று. ஓட்டையில் அந்தக் குணம்தான் வேலை செய்கிறது. அவசரத்துக்கு மட்டும். ஏற்றிய பிறகு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, 200 கி.மீ. தூரத்துக்குள் கடைக்குப் போய்விட வேண்டும் என்பது பொதுவான வரம்பு. பாட்டிலில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட அதை வெளியே எடுத்துப் பார்க்காதவர்கள் இந்த வாரம் பார்த்துவிடுங்கள்.

மிச்சமான பாட்டிலைப் பிள்ளைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்ததாக இருந்தால் நாக்குக்கு இனிப்பாக இருக்கும், உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

(அடுத்த வாரம்: டயருக்கு நைட்ரஜன் பிடிப்பது காசுக்குத் தகுமா?)