உப்பு நீர் புகுந்த வயலும் நூல் சுற்றும் புரதமும்

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி தாக்கியபோது, தெற்கு அந்தமானில் உள்ள சிப்பிகாட் வயல்களில் கடல் நீர் புகுந்தது. அன்றைய பூகம்பத்தில் இப்பகுதி நிலமும் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்து போனது. அதனால் வந்த நீர் முழுவதும் வடியவில்லை. நெல் விளைந்த வயல்கள் பல, நீர்ப்பறவைகள் தங்கும் சதுப்பு நிலமாகி விட்டன.

உப்பு நிலத்தில் நெல் ஏன் கருகுகிறது? மண்ணில் உப்பு கூடினால், வேரைச் சுற்றித் தண்ணீர் இருந்தாலும் பயிரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. உள்ளே புகும் சோடியம் இலைகளில் சேர்ந்து நஞ்சாகிறது. உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ.வும் பழுதடைகிறது. இதைத் தாங்கும் சக்தி எங்கே இருக்கிறது என்று தேடிய விஞ்ஞானிகளில் சிலரின் கவனம், நூல் சுற்றும் புரதம் ஒன்றின் மீது திரும்பியது. மனித உடலிலும் இத்தகைய புரதங்கள் உண்டு.

2 மீட்டர் நூல்

மனித உயிரணு ஒன்றில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடங்கி இருக்கும் உட்கருவோ, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராது. இது எப்படிச் சாத்தியம்? கண்டில் நூல் சுற்றுவது போல, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளின் மீது டி.என்.ஏ. சுற்றப்பட்டு இருக்கிறது. ஒரு உருண்டைக்கு இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவு. இப்படிச் சுற்றிய நூலுக்குக் குரோமேட்டின் என்று பெயர்.

இறுகச் சுற்றிய இடத்தில் உள்ள மரபணு பொதுவாக வேலை செய்யாது. தளர்ந்த இடத்தில் உள்ளது வேலை செய்யும்.

ஹிஸ்டோனைக் கைபிடித்து அழைத்துச் சென்று டி.என்.ஏ.வில் சரியாக உட்கார வைக்கத் தனிப் புரதங்கள் உள்ளன. 1978-ல் தவளை முட்டையில் இத்தகைய புரதம் ஒன்று கண்டறியப்பட்டது. 1989-ல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆராய்ச்சிக் கூடத்தில் புரூஸ் ஸ்டில்மன் குழுவினர், மனித உயிரணுவில் இருந்து 'காஃப்-1' என்ற புரதத்தைப் பிரித்து எடுத்தனர். டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது, புதிய நூலில் ஹிஸ்டோனை ஏற்றுவது இதன் வேலை.

பாக்டீரியா செய்யும் உதவி

ஆராய்ச்சிக்கு இப்புரதங்கள் தூய்மையாகத் தேவை. மனித உயிரணுவில் இருந்து சொற்பமே கிடைக்கும். ஆகவே இவற்றில் பலவற்றுக்கு, உரிய மனித மரபணுவைப் பிரதி எடுத்து, ஈ.கோலை பாக்டீரியாவில் செலுத்துகிறார்கள். பாக்டீரியா பெருகப் பெருக மனிதப் புரதமும் பெருகுகிறது. பின்பு பாக்டீரியாவை உடைத்து, புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து, கடுங்குளிரில் பாதுகாக்கிறார்கள். 1978-ல் மனித இன்சுலின் முதன்முதலாகத் தயாரானதும் பாக்டீரியாவின் உதவியால்தான்.

ஈ.கோலையில் ஹிஸ்டோன் கிடையாது. ஆகவே அந்தக் கலப்படத்துக்கு இடமில்லை. சோதனைக் குழாயில் டி.என்.ஏ., ஹிஸ்டோன், இப்புரதம் மூன்றையும் சேர்த்து, நூல் சுற்றப்படுவதை ஆராயலாம். எந்தக் கோளாறு அதைக் கெடுக்கிறது, எந்த மருந்து அதைத் தடுக்கிறது என்றும் சோதிக்கலாம். இப்படி விற்கப்படும் புரதம் ஆராய்ச்சிக்கு மட்டுமே உரியது. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து அல்ல.

நெல்லிலும் உண்டு

புது டெல்லியில் ஸ்நேலதா சிங்லா பரீக் உள்ளிட்ட விஞ்ஞானிகள், நெல்லில் உள்ள இத்தகைய புரதம் ஒன்றை ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். இப்புரதம் அதிகமாக்கப்பட்ட பயிர், உப்பு உள்ளிட்ட இடர்களைக் கூடுதலாகத் தாங்கியது. குறைக்கப்பட்ட பயிரின் தாங்கும் சக்தியும் குறைந்தது. பழுதான டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் மரபணு ஒன்றை இப்புரதம் தூண்டுவதும் தெரிய வந்தது.

ஆனால் ஆய்வுக் கூடத்துக்கும் வயலுக்கும் தூரம் அதிகம். மரபணு மாற்றிய நெல்லாக இது வருவதானால், பல கட்டச் சோதனைகளும் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். அதுவரை, கரை கட்டிக் கடல் நீரைத் தடுப்பதும், மழை நீரைத் தேக்கி உப்பைக் கழுவுவதும், உப்பைத் தாங்கும் ரகங்களை விதைப்பதும்தான் விவசாயிக்குக் கைகண்ட வழிகள். ரகங்கள் பற்றிய விவரங்களை, 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் உள்ள மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு அறியலாம்.