ஸ்லாட் காரும் அதன் டயரும்

ஸ்லாட் கார்ப் பந்தயத்தைக் குழந்தைகளின் பொம்மை விளையாட்டு என்றே பலரும் கருதுகின்றனர். இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவர், 1957-ஆம் ஆண்டு ஹாரகேட் நகரில் நடைபெற்ற பொம்மைக் கண்காட்சியில், 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்னும் பெயரில் இதனைக் காட்டினார். உண்மைக் காரில் 32-இல் ஒரு பங்கு அளவே உள்ள சிறு கார். தடத்தின் நடுவே ஒரு பள்ளம். அதன் இருமருங்கிலும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள். காரின் முன்னடியிலுள்ள சிறு துடுப்பு ஒன்று பள்ளத்தில் இறங்கி வழிகாட்டும். ஓட்டுபவர் கையில் இருப்பது வேகத்தைக் கூட்டவும் குறைக்கவுமான விசை ஒன்றுதான்.

வலிய மோட்டார் இருந்தால் வெற்றி உறுதி என்று நானும் எண்ணியிருந்தேன். வாங்கிப் பொருத்தினேன். முதல் வளைவிலேயே கார் தடத்தை விட்டுப் பறந்தது. அனுபவமுள்ள நண்பர் ஒருவர் பின் சக்கரத்தைக் கண்ணருகே வைத்து மெல்லச் சுழற்றிக் காட்டினார். டயர் வட்டமாக இல்லை! தடத்தில் அது உருளவில்லை, துள்ளிற்று. துள்ளும் டயருக்குப் பிடிப்பு ஏது?

ரப்பர் டயரை வட்டமாக்கும் முறை எளியது. முதலில் டயரை ரிம்முடன் பசையிட்டு ஒட்டி நன்கு உலரவிட வேண்டும். டயரின்மேல் மையால் கோடுகள் இடுக. சமதளத்தில் ஒட்டிய உப்புத்தாளின்மீது, குறைந்த மின்னழுத்தத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டு மெல்லப் படியச் செய்க. மைக்கோடுகள் எங்கும் ஒருசேர மறைந்தால் டயர் வட்டமாயிற்று என்று பொருள். பின்னர் நுண்ணிய தாளால் மெருகிடலாம். நான் அவசரப்பட்டு முழு 12 வோல்ட்டையும் கொடுத்துத் தேய்த்தேன். டயர் வட்டமாயிற்று, மோட்டார் கருகிற்று. சிலிக்கோன் டயரோ உப்புத்தாளுக்கு எளிதில் மசியாது. அதை வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும்.

கருவிகளில் நான் சிக்கனம் பாராதது ஒன்றே: ஆலன் கீ. சக்கரத்தை இருசுடன் இறுக்கும் தலையில்லாத் திருகாணியின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மலிவான சாவியின் முனை இரண்டு நாளில் மழுங்கும். திருகாணியின் துளையையும் கெடுக்கும். பிறகு அந்தச் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு. கடினப்படுத்திய எஃகினால் ஆன சாவி ஒன்று, நல்ல சிறு திருப்புளி ஒன்று, சாமணம் ஒன்று. தொடக்கத்திற்கு இவை போதும்.

சில கார்களின் அடியில் காந்தம் உண்டு. அது காரைத் தடத்தோடு இழுத்துப் பிடித்து, டயரின் குறையை மறைத்துவிடும். நான் அதைக் கழற்றிவிட்டே பழகுகிறேன்.

டயரின் பெரும்பகை தூசி. ஒவ்வோர் ஓட்டத்திற்கு முன்னும், ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தில் பின் டயர்களை இரண்டு முறை உருட்டினால் தூசி வந்துவிடும். இருசுக்கு விடும் எண்ணெய் ஒரு துளியும் ரப்பரில் படக்கூடாது. முன் டயர்களின் கதையே வேறு. அங்கே பிடிப்பு அதிகமானால் வளைவில் கார் தடுமாறும். ஆகையால் அவற்றின்மேல் மெல்லியதாக நகப்பூச்சு பூசி வழவழப்பாக்குவது வழக்கம். என் மேசை இழுப்பறையில் நகப்பூச்சுப் புட்டியைக் கண்டு வியப்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கமும் இதுவே.