இணையம் இல்லாத கணினிக்கு மென்பொருள் கொண்டுசெல்வது எப்படி?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மவுண்ட் ஆல்பர்ட் போன்ற புறநகர் ஒன்றில் இழைவட இணையத் தொடர்புள்ள வீட்டுக் கணினி, தனக்கு வேண்டிய மென்பொருள் மேம்படுத்தல்களை உரிமையாளர் உறங்கும் நேரத்தில் தானாகவே பெற்றுக்கொள்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் இந்த வசதி உண்டு என்ற அனுமானத்திலேயே இன்றைய மென்பொருட்களில் பெரும்பாலானவை உருவாக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கு இந்த அனுமானம் பொருந்தவில்லை. அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பாஸ் என்பது, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கணினி கிடைத்த மாணவருக்கு அத்துடன் இணையத் தொடர்பு கிடைக்கவில்லை. கல்லூரி மாணவர்கள் சுமார் 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு வழங்கப்படும் என்ற அறிவிப்பு 2021 ஜனவரியில்தான் வந்தது. அதுவும் கொரோனா காலத்து இணையவழி வகுப்புகளுக்காக, நான்கு மாதங்களுக்கு மட்டும்.

ஒன்றைக் கேட்டால் பத்து

அருகிலுள்ள பிரவுசிங் சென்டரில் பதிவிறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்தால் போதாதா என்று தோன்றலாம். லினக்ஸில் அது பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். அங்கே ஒரு மென்பொருள் தனித்து இயங்குவதில்லை. வேறு பல பொதிகளைச் சார்ந்திருக்கிறது, அவை மேலும் சிலவற்றைச் சார்ந்திருக்கின்றன. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12இல் மட்டும் 64,419 பொதிகள் உள்ளன. இவற்றில் எவை ஏற்கெனவே இருக்கின்றன, எவை இல்லை என்பது வீட்டிலுள்ள கணினிக்கே தெரியும். பிரவுசிங் சென்டர் கணினிக்குத் தெரியாது.

எனவே பட்டியல் வீட்டுக் கணினியிலிருந்தே புறப்பட வேண்டும். இந்தியரான டெபியன் மேம்பாட்டாளர் ரித்தேஷ் ராஜ் சராஃப் உருவாக்கிய ஏப்ட்-ஆஃப்லைன் என்ற மென்பொருள் இதைத்தான் செய்கிறது. இணையமற்ற கணினி தனது தேவைகளை ஒரு சிறு கோப்பில் எழுதித் தருகிறது. இணையமுள்ள கணினி, அது விண்டோஸில் இயங்குவதாக இருந்தாலும், அக்கோப்பில் உள்ளவற்றைப் பதிவிறக்கி ஒரே கட்டாகத் தருகிறது. அந்தக் கட்டு திரும்பவும் வீட்டுக்கு வருகிறது. ஏப்ட்-ஆஃப்லைனையே முதலில் யாராவது கையில் கொண்டுவந்து நிறுவ வேண்டும் என்பது வேறு விடயம்.

பென் டிரைவை நம்பலாமா?

ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்தைத் தாக்கி, 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்திலிருந்து பிரித்துவைக்கப்பட்ட கணினிகளுக்கும் பென் டிரைவ் வழியே பரவக்கூடியதாக இருந்தது. இணையம் இல்லாததால் கணினி பாதுகாப்பாக உள்ளது என்ற எண்ணம் அதனுடன் தகர்ந்தது. உண்மையில், மேம்படுத்தப்படாத கணினியே இத்தகைய பென் டிரைவுக்கு எளிதில் இரையாகிறது.

டெபியன் இதற்குக் கண்ட வழி, கொண்டுவருபவரை நம்பாமலிருப்பது. ஒவ்வொரு பொதிக்கும் கணக்கிடப்பட்ட அடையாள எண், மின்கையொப்பமிட்ட பட்டியல் ஒன்றின் மூலம் உறுதி செய்யப்படுகிறது. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி வீட்டுக் கணினியிலேயே முன்கூட்டி இருக்கிறது. வழியில் யாராவது ஒரு பொதியை மாற்றியிருந்தால் எண் பொருந்தாது. கணினி அதை ஏற்க மறுக்கும். 2007இல் வந்த டெபியன் 4 முதல் இந்தச் சரிபார்ப்பு நடைமுறையில் உள்ளது.

விண்டோஸ் 7 பகுதிக்கு இந்த வழி உதவாது. அதற்கான பொதுவான பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது.

லினக்ஸ் பகுதியிலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. டெபியனின் பாதுகாப்புப் பட்டியல் சுமார் ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும். பழைய, குறைபாடுள்ள பொதியை யாரும் புதியதெனக் காட்டி ஏமாற்றாதிருக்க இந்த ஏற்பாடு. திங்களன்று பதிவிறக்கி, இரண்டு வாரம் கழித்துக் கிராமத்துக்குக் கொண்டுசென்றால் கணினி அதை நிராகரிக்கும். கடிகார மின்கலம் தீர்ந்துபோன பழைய மடிக்கணினியோ, இன்னும் 2011இலேயே இருப்பதாகக் கருதி, புத்தம் புதிய பட்டியலையும் செல்லாது என்று சொல்லக்கூடும். அப்போது முதலில் தேதியைக் கையால் திருத்த வேண்டும்.