மின்தொகுப்பின் நாடித்துடிப்பு

நுழையும்முன்

சுவரிலுள்ள பொத்தானை அழுத்தியதும் விளக்கு ஒளிர்கிறது. அவ்வொளிக்குரிய மின்சாரம் பெரும்பாலும் அந்தக் கணத்திலேயே ஏதோ ஒரு மின்நிலையத்தில் உற்பத்தியாகிறது. கோடிக்கணக்கானோரின் தேவையும் எண்ணற்ற மின்நிலையங்களின் உற்பத்தியும் நொடிதோறும் ஒத்துப்போவது எவ்வாறு? அவ்வொத்திசைவைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

நாடு முழுமைக்கும் ஒரே துடிப்பு

ஏரியில் தேங்கிய நீர் மடை திறக்கும்வரை காத்திருக்கும். மின்சாரம் அவ்வாறு காத்திருப்பதில்லை. மின்கலங்களில் ஓரளவு ஆற்றலைச் சேமிக்க இயலும். உயரத்திலுள்ள நீர்த்தேக்கத்திற்கு நீரை ஏற்றி வைத்தும் சேமிக்கலாம். எனினும், நாட்டின் தேவையில் பெரும்பகுதி உற்பத்தியாகும் கணத்திலேயே செலவாகிவிடுகிறது. எனவே, உற்பத்தியும் பயன்பாடும் எப்போதும் சமமாக இருத்தல் வேண்டும்.

இச்சமநிலையைக் காட்டுவது அதிர்வெண் ஆகும். இந்தியாவில் அதன் அளவு 50 ஹெர்ட்ஸ். அனல்மின் நிலையத்திலுள்ள இருமுனை மின்னியற்றி நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால் இந்த அதிர்வெண் கிடைக்கும். பாரவண்டி மேட்டில் ஏறும்போது அதன் வேகம் குறைகிறது. சரிவில் இறங்கும்போது கூடுகிறது. அதுபோலவே, மின்தேவை மிகுந்தால் மின்னியற்றிகளின் சுழற்சி வேகம் குறைந்து அதிர்வெண் இறங்குகிறது. தேவை குறைந்தால் அது ஏறுகிறது. 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை இருப்பதே இயல்பு நிலை என இந்திய மின்தொகுப்பு விதிகள் வரையறுக்கின்றன. நாடி பிடித்து உடல்நிலையை அறியும் மருத்துவரைப் போல, மின்சுமை பகிர்வு மையங்களில் பணியாற்றும் பொறியாளர்கள் இந்த எண்ணை இரவும் பகலும் கவனித்து வருகின்றனர்.

தன்னைத் தானே திருத்தும் பொறி

பொறியின் வேகத்தைப் பொறியே கட்டுப்படுத்தும் கருத்து பழமையானது. ஜேம்ஸ் வாட் 1788ஆம் ஆண்டில் தம் நீராவிப் பொறியில் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தினார். வேகம் மிகுந்தால் குண்டுகள் விரிந்து உயரும். அவற்றோடு இணைந்த தண்டு நீராவியின் வரத்தைக் குறைக்கும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழும், நீராவி மிகும். விளைவை அளந்து, அதற்கேற்பச் செயலைத் திருத்தும் இம்முறையைப் பின்னூட்டம் என்பர். இன்றைய விசையாழிகளில் இப்பணியை மின்னணுக் கருவிகள் செய்கின்றன.

எல்லா நிலைகளுக்கும் ஒரே அளவான திருத்தம் பொருந்துவதில்லை. ஆரல்வாய்மொழிப் பகுதியில் சுழலும் காற்றாலைகளை எண்ணிப் பார்க்கலாம். புதிய வகைக் காற்றாலைகளில், காற்று மிகும்போது இறக்கைகள் தம் கோணத்தை மாற்றி மிகைவிசையைத் தவிர்க்கின்றன. மிதமான காற்றில் இறக்கையை ஒரு பாகை திருப்பினால் விளையும் மாற்றம் சிறிது. பலத்த காற்றில் அதே ஒரு பாகை பெரும் மாற்றத்தை விளைவிக்கும். எனவே, கட்டுப்பாட்டுக் கருவி காற்றின் நிலையறிந்து தன் திருத்தத்தின் அளவையும் மாற்றிக்கொள்கிறது. இவ்வாறு சூழலுக்கேற்பத் தன் விதியையே மாற்றிக்கொள்வது தகவமைப்புக் கட்டுப்பாடு எனப்படும்.

2012 கற்பித்த பாடம்

மாறா விதியின் குறையை நாடு உணர்ந்த நாள்கள் 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகியவை. முதல் நாள் அதிகாலையில் வடக்கு மின்தொகுப்பு செயலிழந்தது. மறுநாள் பிற்பகலில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று தொகுப்புகளும் வீழ்ந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. தொடர்வண்டிகள் வழியில் நின்றன; சுரங்கத் தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்கினர்.

சில மின்பாதைகள் முன்பே இயக்கத்தில் இல்லாமையால், பீனா – குவாலியர் இடையிலான 400 கிலோவோல்ட் மின்பாதையில் பெருஞ்சுமை ஏறியிருந்தது. அதனைக் காக்கும் ரிலே என்னும் கருவி, மின்னழுத்தத்திற்கும் மின்னோட்டத்திற்கும் உள்ள விகிதத்தைக் கணித்துப் பழுதை அறிவது. பெருஞ்சுமையில் அவ்விகிதம் தொலைவில் பழுது நேர்ந்தது போன்ற தோற்றத்தைத் தந்தது. பழுதே இல்லாத பாதையை ரிலே துண்டித்தது. அதன் சுமை பிற பாதைகளின்மீது பாய, அவை ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன. கருவி கெட்டுப்போகவில்லை, தனக்கு இட்ட விதியின்படியே நடந்தது. தொகுப்பின் நிலை மாறியதை அறியும் வாய்ப்பு மட்டுமே அதற்கு இல்லை.

நேரமுத்திரை பெற்ற அளவீடுகள்

பழைய கண்காணிப்பு முறையில் அளவீடுகள் சில நொடிகளுக்கு ஒருமுறையே மையத்தை வந்தடையும். விபத்தோ அதற்குள் முடிந்துவிடும். இக்குறையைக் களைவது கட்டக்கோண அளவீட்டுக் கருவி. அருண் பட்கே, ஜேம்ஸ் தார்ப் ஆகியோர் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 1988ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினர். நொடிக்கு 25 அல்லது 50 முறை அளந்து, ஒவ்வோர் அளவீட்டிலும் செயற்கைக்கோள் தரும் துல்லிய நேரத்தை இது பொறிக்கிறது. அதனால், ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள இரு துணை மின்நிலையங்களின் நிலையை ஒரே கணத்தில் ஒப்பிட முடிகிறது. இருமுனைகளின் கட்டக்கோண வேறுபாடு விரிந்துகொண்டே போனால், இடையிலுள்ள பாதைகள் தாங்கும் எல்லையை நெருங்குகின்றன என அறியலாம். இத்தகவலைக் கொண்டு ரிலேக்களின் வரம்பைச் சூழலுக்கேற்ப மாற்றியமைக்கவும் இயலும். இந்தியத் துணை மின்நிலையங்களிலும் இக்கருவிகள் நிறுவப்பட்டு வருகின்றன.

இது வடமாநிலங்களுக்கு மட்டும் உரியதன்று. 2012இல் தென்னக மின்தொகுப்பு தனி அதிர்வெண்ணில் இயங்கியதால் அவ்வீழ்ச்சிக்குத் தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்பாதை வழியாக அதுவும் தேசியத் தொகுப்புடன் இணைந்தது. தமிழ்நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் காற்றாலை மின்சாரம் பிற மாநிலங்களுக்குச் செல்ல இவ்விணைப்பு துணைபுரிகிறது. நன்மையில் பங்கு உள்ளதுபோலவே இடரிலும் பங்கு உண்டு.

கருவியும் மனிதரும்

2020 ஏப்ரல் 5 அன்று இரவு 9 மணிக்கு, ஒன்பது நிமிடங்கள் வீட்டு விளக்குகளை அணைக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். சில நிமிடங்களுக்குள் நாட்டின் மின்தேவை ஏறத்தாழ 31,000 மெகாவாட் குறைந்து மீண்டும் ஏறியது. ஆயினும் தொகுப்பு நிலைகுலையவில்லை. விரைவாகக் கூட்டவும் குறைக்கவும் ஏற்ற நீர்மின் நிலையங்களைப் பொறியாளர்கள் முன்னதாகவே ஆயத்தமாக வைத்திருந்தனர். நொடிதோறும் வந்த அளவீடுகள் அவர்களுக்கு வழிகாட்டின.

2012இல் அளவுக்கு மீறி மின்சாரம் எடுத்த மாநிலங்களுக்கு அதைக் குறைக்குமாறு வட்டார மையத்திலிருந்து அறிவுறுத்தல்கள் சென்றன. அவை உரியவாறு செயற்படுத்தப்படவில்லை என விசாரணைக் குழு கூறியது. கருவி காலத்தே எச்சரிக்கலாம். அதற்குச் செவிசாய்க்கும் பொறுப்பு மனிதருடையது. நுண்ணிய அளவீடு, சூழலறிந்த விதி, காலத்தே எடுக்கும் முடிவு ஆகிய மூன்றும் ஒருங்கிணையும்போதே மின்தொகுப்பின் நாடி சீராகத் துடிக்கும்.