செட்டிநாட்டுச் சிற்றூர்களில் வாரயிறுதிப் பயணம்: முகப்பும் வளவும்

முன்னுரை

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் செட்டிநாட்டுச் சிற்றூர்கள் அண்மைக் காலத்தில் வாரயிறுதிப் பயணத்திற்குரிய இடங்களாகப் பெயர்பெற்றுள்ளன. பிற்பகலில் சென்னை எழும்பூரில் புறப்படும் பல்லவன் விரைவு வண்டி இரவில் காரைக்குடியை அடைகிறது. மறுநாள் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், அதற்கடுத்த நாள் பிள்ளையார்பட்டி, கடைத்தெரு என்று இரண்டு நாளில் பயணம் நிறைவுறுகிறது. இப்பயணி காணும் ஊர் எது, அவர் கண்ணில் படாமல் நிற்கும் ஊர் எது என்பதை வீட்டமைப்பின் வழியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரமைப்பு

நகரத்தார் ஊர்கள் 96 என்பது மரபு வழக்கு; இன்று எழுபதுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. கானாடுகாத்தானில் நடந்து செல்வோர் முதலில் உணர்வது தெருக்களின் நேர்த்தியையே. நேர்கோட்டில் ஓடும் தெருக்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒரு தெருவில் தலைவாசல் வைத்துத் தொடங்கும் வீடு, அடுத்த தெருவில் புழக்கடை வாசலோடு முடிகிறது. அதனால் ஒரு தெரு முழுதும் முகப்புகளாகவும் மறுதெரு பின்சுவர்களாகவும் அமைவதுண்டு. நிழற்படம் எடுப்போர் பின்தெருவிற்குச் செல்வதில்லை.

மழை குறைந்த இந்நிலத்தில் ஊரைத் தாங்கியது நீர் மேலாண்மை. சாய்ந்த ஓட்டுக்கூரைகள் மழைநீரை வளவின் முற்றத்தில் இறக்கும். அங்கிருந்து அது கிணற்றையும் வடிகால்களையும் அடையும். ஊர்ப்பொதுவில் ஊருணிகள் நீரைத் தேக்கும். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி என்று பேசும் வழிகாட்டிகள் ஊருணியின் முன் நிற்பது அரிது. வீட்டிற்கு வந்த பொருள்களுள் மிகுதியும் கப்பலில் வந்தவை. நீர் மட்டும் உள்ளூரில் திரட்டப்பட்டது.

முகப்பும் வளவும்

வீடு தெருவிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக நீள்கிறது. திண்ணையோடு கூடிய முகப்பு, விருந்தினரை ஏற்பதற்கும் வணிகப் பேச்சிற்கும் உரியது. அதை அடுத்து, நடுவில் திறந்த முற்றமும் சுற்றிலும் தூண்தாங்கிய பத்திகளும் கொண்ட வளவு அமைகிறது. அதற்கும் அப்பால் இரண்டாங்கட்டும் அடுக்களைப் பகுதியும் உள்ளன. கட்டணம் பெற்றுக்கொண்டு வீட்டைக் காட்டுமிடத்தும், பெரும்பாலும் முகப்பும் முதல் வளவுமே காட்சிக்குரியவை.

வளவைச் சூழ்ந்த அறைகள் சிறியவை, காற்றோட்டம் குறைந்தவை. இத்தனை பெரிய வீட்டில் இத்தனை சிறிய அறைகள் ஏன் என்று பயணிகள் வியப்பதுண்டு. விடை நகரத்தாரின் குடும்ப முறையில் உள்ளது. மணமான ஒவ்வோர் ஆண்மகனும் தன் மனைவியோடு சேர்ந்து ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்படுகிறான், கோயில் வரியும் ஊர்ப்பொது வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றே தண்டப்படும். மணமானபின் புதுக்குடும்பத்தை ‘வேறு வைத்தல்’ என்பது மரபு. அக்குடும்பம் அதே வீட்டில் தங்கித் தனியே சமைத்துத் தனிக்கணக்கில் வாழும். எனவே அவ்வறைகள் படுக்கையறைகள் அல்ல. ஒவ்வொரு புள்ளியின் உடைமையையும் சீரையும் காக்கும் இருப்பறைகள். உறக்கமும் உரையாட்டும் பத்தியில் நிகழ்ந்தன. ஒரு கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் கூடியும் பிரிந்தும் வாழ்ந்த ஏற்பாட்டை வளவு என்னும் சொல் உள்ளடக்கியுள்ளது. தங்கும் விடுதியாக மாறிய வீட்டில் அது ‘கோர்ட்யார்டு’ ஆகிவிடும்போது இவ்வேற்பாடும் பெயரோடு மறைகிறது.

பங்குரிமையும் வீட்டின் விதியும்

இதே ஏற்பாடுதான் இன்று வீட்டின் இக்கட்டாகவும் உள்ளது. தலைமுறைதோறும் பங்குகள் பெருகுகின்றன. நான்காம் தலைமுறையில் ஒரே வீட்டிற்குப் பல பத்துப் பங்காளிகள். அவர்களுள் பலர் சென்னையிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்வோர். ஓடு மாற்றுவதற்கும் அனைவரும் ஒப்ப வேண்டும்.

வருவாயின் வேர் அறுந்தது இதற்கு முன்னரே. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடனைத் திருப்ப இயலாத பர்மிய உழவர்களின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல்விளை மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்தம் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடாயிற்று. பணமாக இருந்த முதல் மண்ணாக உறைந்துவிட்டது. 1942இல் சப்பானியப் படையெடுப்பும், விடுதலைக்குப்பின் பர்மிய அரசின் நிலவுடைமைச் சட்டங்களும், 1963இல் வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டதும் அம்மண்ணையும் பறித்தன. செட்டிநாட்டு வீடுகளின் மிகுந்த பொலிவு இந்த வருவாயின் கடைசிப் பத்தாண்டுகளைச் சார்ந்தது. அவ்வீடுகளைப் பார்த்து வியக்கும்போது பர்மிய உழவனின் கடனும் அதில் உண்டு என்பதை மறத்தலாகாது.

வருவாய் அற்றபின்னும் வீடுகள் பூட்டப்பட்டேனும் காக்கப்பட்டதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று. திருமணம், அறுபதாம் ஆண்டு நிறைவு, முன்னோர்க்குரிய படைப்பு ஆகியன சொந்த ஊர் வீட்டில் நிகழ வேண்டும் என்னும் கட்டுப்பாடே. ஆண்டில் சில நாள்களே வீடு திறக்கிறது. அந்நாள்களில் அது நிறைகிறது. இச்சடங்குகள் நகர மண்டபங்களுக்கு நகர்ந்த குடும்பங்களில் வீட்டிற்குரிய காரணம் தளர்ந்து, விற்பனைப் பேச்சு எழுகிறது. விற்கப்பட்ட வீடு பெரும்பாலும் பிரிக்கப்படுகிறது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நிலைக்கதவும் தூணும் எனாமல் ஏனமும் விலைக்குக் கிடைக்கின்றன. வீட்டைக் காண வந்த பயணியே அவ்வீட்டின் ஓர் உறுப்பை வாங்கிச் செல்லும் முரண் இங்கு இயல்பாகிவிட்டது.

சுற்றுலாவின் பங்கு

கானாடுகாத்தான், கடியாபட்டி, கொத்தமங்கலம் ஆகிய ஊர்களில் சில வீடுகள் மரபுரிமை விடுதிகளாகியுள்ளன. அங்குக் கூரை ஒழுகுவதில்லை. கொத்தனாருக்கும் தச்சருக்கும் சமையலாருக்கும் வேலை உண்டு. ஆத்தங்குடியின் தரைக்கற்களுக்கும் இது பொருந்தும். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, மணற்சிமெண்டால் நிரப்பி, நீர்த்தொட்டியில் ஊறவிட்டு எடுக்கும் இக்கைத்தொழில், வெளியூர்க் கட்டடங்களில் எழுந்த புதிய தேவையால் நிலைபெற்றுள்ளது. வாங்குவோருள் சுற்றிப்பார்க்க வந்தவர்களும் உளர். ஆனால் விடுதியாவது பெரும்பாலும் ஓருரிமையாளர் வசமுள்ள அல்லது பங்காளிகள் ஒருமித்த வீடே. பங்கு சிதறிய எஞ்சிய வீடுகளைச் சுற்றுலா எட்டவில்லை. செட்டிநாட்டுச் சிற்றூர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றதும், தனியார் வீட்டை இடிப்பதற்குத் தடை ஆகாது.

கட்டடத்தோடு போவது மரமும் கல்லும் மட்டுமன்று. திருமண ஒப்பந்தமாகிய இசைகுடிமானம், மொய்க்கணக்கு, வட்டிக்கடை ஏடுகள் ஆகியன வளவின் அறைகளிலும் பெட்டகங்களிலும் இருந்தவை. வீடு பிரிக்கப்படும்போது தூணுக்கு விலை உண்டு. இத்தாள்கள் எடைக்குப் போகின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா பல பத்தாண்டுகள் திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் மறைவுக்குப்பின் சிதறாமல் காக்கப்பட்டு, 1994இல் சென்னையில் அவர் பெயரிலமைந்த ஆராய்ச்சி நூலகமாயின. வாரயிறுதிப் பயணிகளின் ஊர்திகள் கோட்டையூரைப் பெரும்பாலும் நிற்காமலே கடக்கின்றன.